மேற்கத்திய வயலினில் எட்டாம் கிரேடு முடித்திருக்கிறேன். ஸ்காட்டிஷ் பிடில் வாசிக்க வேறு வயலின் வாங்க வேண்டுமா?

வேண்டாம். நம் ஊர்ப் பழைய ஆட்கள் வயலினையே பிடில் என்றுதானே சொல்வார்கள், அங்கேயும் அப்படித்தான். அதே வாத்தியம், அதே ஜி, டி, ஏ, இ. பிடிலுக்கென்று தனித் தந்தி என்று யாராவது விற்க வந்தால் காசைப் பத்திரப்படுத்துங்கள்.

எட்டாம் கிரேடு வரை வந்தவருக்கு இடது கையில் பெரிய வேலை இல்லை. பெரும்பாலான மெட்டுகள் முதல் பொசிஷனிலேயே, அதாவது இடது கையைக் கழுத்தின் நுனியிலிருந்து நகர்த்தாமலே, அடங்கிவிடும். சிக்கலே அதுதான்: பார்த்தவுடன் வாசிக்க வரும், ஆனால் கேட்டால் ஸ்காட்லாந்து இருக்காது. மாற வேண்டியது வில் பிடிக்கும் கை.

ஸ்ட்ராத்ஸ்பே என்ற ஸ்காட்டிஷ் ஆட்ட மெட்டில் தொடங்குங்கள். 4/4 தாளம். இதன் உயிர் 'ஸ்காட்ச் ஸ்நாப்': அடி விழும் இடத்தில் குட்டை ஸ்வரம், ஒட்டினாற்போல் நெட்டை. தாளில் 1:3 என்று எழுதியிருக்கும். அப்படியே எண்ணி வாசித்தால் உப்பில்லாத சோறு. குட்டையை இன்னும் குறுக்கி, அழுத்தத்தையும் அதன் மேலேயே போட வேண்டும். செவ்வியலில் பழகிய கை தானாக நெட்டையைத்தான் அழுத்தும். நெட்டை முன்னால் வரும் ஜோடிகளைச் சிலர் 2:1 என்று தளர்த்திவிடுவார்கள். ஸ்ட்ராத்ஸ்பே, ஹார்ன்பைப் என்ற இன்னொரு ஆட்ட மெட்டு மாதிரி உருள ஆரம்பித்துவிடும்.

அந்தக் கால ஸ்காட்டிஷ் பிடில்காரர் நீல் கோ (1727–1807) பேர் வாங்கியதே அப்-போ (வில்லை மேல்நோக்கித் தள்ளும்) வீச்சில்தான். பழக, நான்கு ஸ்வரம் எடுத்துக்கொள்ளுங்கள்: நெட்டை, குட்டை, குட்டை, நெட்டை. முதலாவது டவுன்-போ (வில்லைக் கீழ்நோக்கி இழுப்பது). மீதி மூன்றும் ஒரே அப்-போவில். இரண்டாவது முடிந்ததும் வில்லைத் தந்தியிலேயே ஒரு நொடிப்பொழுது நிறுத்தி, வெடுக்கென்று மூன்றாவதுக்குப் போங்கள். வில்லின் நடுப்பகுதிக்குச் சற்று மேலே, நாலு விரல் நீளம் போதும். ஸ்பிக்காட்டோ (வில்லைத் துள்ளவிடும்) பழக்கத்தில் வில்லைத் தூக்கினீர்களோ, போச்சு. அவசரமும் வேண்டாம், ஆட்டத்துக்கு வாசிக்கும்போதே 32 பார் ஸ்ட்ராத்ஸ்பேக்கு ஒரு நிமிடம் போல ஆகும். ரீல் என்ற வேகமான ஆட்ட மெட்டு என்றால் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, ஸ்நாப் எதுவும் இல்லாமல் ஓட்டமாக.

வைப்ரேட்டோவை (விரலை அசைத்து ஸ்வரத்தை நடுங்க வைப்பது) ஸ்லோ ஏர் என்ற மெதுவான மெட்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அங்கேயும் கொஞ்சமாக.

பேக்பைப்பிலிருந்து வந்த மெட்டுகளில் ஏ மேஜர் மாதிரி போய்க்கொண்டிருக்கும்போதே ஜி நேச்சுரல் வரும். அச்சுப்பிழை என்று ஜி ஷார்ப் ஆக்கிவிடாதீர்கள். அரிகாம்போதி கேட்ட காதுக்கு இது உறுத்தாது.

செவ்வியல்காரர்களுக்கு இது வராது என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். ஸ்ட்ராத்ஸ்பே ராஜா என்று பேர் வாங்கிய ஸ்காட் ஸ்கின்னரே (1843–1927) செவ்வியல் பாடம் படித்தவர்தான். ஸ்காட்லாந்தின் செவ்வியல் வயலின் கலைஞர் நிக்கோலா பெனடெட்டியின் 2014 ஆல்பம் 'ஹோம்கமிங்'கில் செவ்வியல் இசையமைப்பாளர் ப்ரூக்கின் 'ஸ்காட்டிஷ் ஃபேன்டசி'யும் இருக்கிறது, ஷெட்லாந்துப் பிடில்காரர் ஆலி பெய்னோடு வாசித்த பாரம்பரிய மெட்டுகளும் இருக்கின்றன. இரண்டிலும் பெனடெட்டியின் வில்லைக் கவனித்துக் கேளுங்கள், நான் எழுதியதைவிடச் சீக்கிரம் புரியும்.

கேட்காத விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நோட்ஸ் இறக்கும்போது பாதித் தாளில் ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பாரம்பரியம்' என்று போட்டிருப்பார்கள். 'ஹெக்டர் தி ஹீரோ' என்ற மெட்டு 1903இல் ஸ்கின்னர் தன் நண்பர் இறந்த துக்கத்தில் எழுதியது. பழைய பிடில்காரர் வில்லியம் மார்ஷலின் ஸ்ட்ராத்ஸ்பேகளுக்கும் இதே கதிதான். மேடையில் வாசிக்கப்போகிறீர்கள் என்றால் அந்த வார்த்தையை அடித்துவிட்டு மெட்டுப் போட்டவர் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.