தரையில் சொட்டு இல்லை, கூலன்ட் மட்டும் குறைகிறது!

கேள்வி: மூன்று வாரத்துக்கு ஒருமுறை என் காரில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மினிமம் கோட்டுக்குக் கீழே போய்விடுகிறது. நிறுத்தும் இடத்தில் ஈரமே இல்லை. ரேடியேட்டரை மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கசியும் இடத்தைக் கண்ணால் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள்.

தரை காய்ந்திருப்பதை நம்ப முடியாது. வண்டி ஓடும்போது கூலன்ட் ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தில் இருக்கும். சின்ன விரிசல் அப்போதுதான் வாய் திறக்கும். வெளியே வருவது சூடான இன்ஜின் மேல் பட்டு ஆவியாகிவிடும். ஆனால் தடம் மிஞ்சும். வெள்ளையாகவோ கூலன்ட்டின் நிறத்திலோ உப்புப் பூத்ததுபோல் ஒட்டியிருக்கும். டார்ச் அடித்து ஹோஸ் கிளாம்ப்புகளையும், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பையும் பாருங்கள். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதில் லேசான கறை இருந்தால் பரவாயில்லை. ஈரமோ வழிந்த தடமோ இருந்தால் உள்ளே சீல் போய்விட்டது, பம்ப்பை மாற்றத்தான் வேண்டும்.

அப்படியும் சிக்காவிட்டால் பிரஷர் டெஸ்டர் (கூலன்ட் ஓடும் பாதையில் அழுத்தம் ஏற்றி, அளவை முள்ளில் காட்டும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகே கூலன்ட் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும். மூடியில் 1.1 என்று போட்டிருந்தால் 1.1 பார் வரைதான் பம்ப் அடிக்கலாம். மிஞ்சினால் நன்றாக இருக்கும் ஹோஸும் விட்டுவிடும். 15 நிமிடம் முள் அசையாமல் நின்றால் அடுத்து மூடியைச் சோதியுங்கள். ஸ்பிரிங் தளர்ந்த மூடி, கூலன்ட்டை முன்கூட்டியே வெளியே விட்டுவிடும். பலரும் இதைக் கவனிப்பதே இல்லை.

முள் இறங்குகிறது, வெளியே ஈரம் இல்லை என்றால் கசிவு உள்ளே. முன் இருக்கை கார்ப்பெட் நனைந்து, கண்ணாடியில் பிசுபிசுப்பாக ஆவி படிந்து, தித்திப்பு வாடை வந்தால் ஹீட்டர் கோரில் (காருக்குள் சூடு தரும் சிறு ரேடியேட்டர்) கசிவு. அதுவும் இல்லையென்றால் ஹெட் கேஸ்கட்டை (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதிக்கும் நடுவிலுள்ள சீல்) சந்தேகப்பட வேண்டும். பிளாக் டெஸ்டர் என்ற சோதனைக் கருவியின் நீலத் திரவம் நிறம் மாறினால் எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறது என்று பொருள். அதற்குமேல் வண்டியை ஓட்டாதீர்கள்.

கேள்வி: ஏசி போட்டால் காருக்கு அடியில் சொட்டுகிறது. கூலன்ட்டா?

பதில்: வெள்ளைத் தாளில் ஒற்றிப் பாருங்கள். நிறமும் வழவழப்பும் இல்லையென்றால் ஏசி தண்ணீர், பயம் வேண்டாம். கூலன்ட் என்றால் உடனே துடைத்துக் கழுவிவிடுங்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் தித்திக்கும். நக்கும் நாய், பூனைகள் சிறுநீரகம் பழுதாகிச் செத்துப்போகும்.