டிசிஎஸ் வேர்ல்ட் சிமுலேட்டரில் ரசிகர்கள் உருவாக்கிய போர் விமானங்களைச் சேர்ப்பது எப்படி? அப்படிச் சேர்ப்பது முறையா?

முறைதான். எப்படிச் சேர்ப்பது என்பதைக் கீழே சொல்கிறேன். ஆனால் எனக்கு முன் இங்கே பதில் எழுதிய ஒருவர், விலை கொடுத்து வாங்காத விமானம் எதுவானாலும் அது திருட்டுதான் என்றும், மோட் (ரசிகர்கள் செய்து வெளியிடும் இத்தகைய கூடுதல் சேர்க்கை) போட்டால் சிமுலேட்டர் கெட்டுப்போகும் என்றும் தீர்ப்பு எழுதியிருக்கிறார். அதை அப்படியே விட்டுவிட மனம் வராததால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

கணினியில் போர் விமானங்களை ஓட்டிப் பார்க்க உதவும் டிசிஎஸ் வேர்ல்டை ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனம் இலவசமாகவே தருகிறது. அதனுடன் சு-25டி தாக்குதல் விமானமும் ஆயுதமில்லாத டிஎஃப்-51டி முஸ்டாங்கும் கிடைக்கின்றன. மற்ற விமானங்களை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்க வேண்டும். இவற்றுக்கு வெளியே, ரசிகர்கள் ஓய்வு நேரத்தில் உருவாக்கி இலவசமாக வெளியிடும் விமானங்கள் இருக்கின்றன. சிமுலேட்டர் தொடங்கும்போதே பயனரின் சொந்தக் கோப்புறையில் அப்படி ஏதேனும் விமானம் இருக்கிறதா என்று தானாகப் பார்த்து ஏற்றிக்கொள்கிறது. அதாவது, இது யாரோ சுவரில் ஓட்டை போட்டு நுழைந்த வழியன்று, உருவாக்கியவர்களே திறந்து வைத்திருக்கும் வாசல். இத்தாலிய எம்பி-339 பயிற்சி விமானம் முதலில் ஃப்ரெச்சே திரிகொலோரி விர்ச்சுவாலி என்ற ரசிகர் குழுவின் இலவச மோடாகத்தான் வெளிவந்தது. 2022-இல் அதுவே இந்தியாஃபாக்ஸ்ட்எக்கோ நிறுவனத்தின் வழியாக அதிகாரபூர்வமான, விலைக்குக் கிடைக்கும் விமானமாயிற்று. திருட்டு என்று சொல்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.

நீங்கள் அநேகமாகப் புதிதாக சிமுலேட்டரை நிறுவி, ஏதோ ஒரு காணொளியைப் பார்த்து ஒரு விமானத்தைப் பதிவிறக்கி, அது பட்டியலில் வராமல் தவித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். அப்படியானால் என் அனுபவம் உங்களுக்குப் பயன்படும்.

என் தந்தை சிங்கப்பூர் ஆகாயப் படையின் தெங்கா தளத்தில் ஸ்கைஹாக் விமானங்களைப் பராமரிக்கும் தொழில்நுட்பராகப் பல ஆண்டுகள் வேலை செய்தவர். அந்த விமானத்தின் கதையே மாற்றியமைத்தலின் கதைதான். டக்ளஸ் நிறுவனத்தின் எட் ஹைனமான் வடிவமைத்த ஸ்கைஹாக் (ஏ-4) 1954-இல் முதன்முதலாகப் பறந்தது. விமானந்தாங்கிக் கப்பலில் நிறுத்த இறக்கையை மடிக்கத் தேவையில்லாத அளவுக்குச் சிறியது. 1979 வரை 2,960 விமானங்கள் தயாராயின. அமெரிக்கக் கடற்படை பயன்படுத்தி ஒதுக்கிய பழைய ஏ-4பி விமானங்களை 1970-களில் வாங்கிய சிங்கப்பூர், அவற்றைச் செப்பனிட்டு ஏ-4எஸ் என்று பறக்கவிட்டது. 1980-களில் பழைய ஜே65 எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஹார்னெட் விமானத்தில் இருக்கும் எஃப்404 எஞ்சினைப் பின்னெரிப்பான் இல்லாத வடிவில் பொருத்தியது. 8,400 பவுண்டாக இருந்த உந்துவிசை 10,800 பவுண்டாயிற்று. இந்தியாவின் தேஜஸ் விமானத்தில் இருப்பதும் இதே எஞ்சின் குடும்பந்தான். அப்படிப் பிறந்த ஏ-4எஸ்யு சூப்பர் ஸ்கைஹாக் 2005 வரை முன்வரிசைப் படையிலும், பிரான்சின் கசோ தளத்தில் 2012 வரை பயிற்சி விமானமாகவும் இருந்தது. அந்த எஞ்சின் மாற்றத்தில் தாமும் கை வைத்தவர் என்பது அப்பாவுக்கு இன்றும் பெருமை, எனக்கும் அப்படியே.

ஓய்வு பெற்ற அப்பாவுக்கு அந்த விமானத்தை மறுபடியும் காட்ட வேண்டும் என்று டிசிஎஸ்ஸில் தேடியபோது, விலைக்குக் கிடைக்கும் விமானங்களில் ஸ்கைஹாக் இல்லை. ரசிகர் குழு ஒன்று உருவாக்கிய ஏ-4இ-சி என்ற இலவச மோட் இருந்தது. காசுக்கு விற்கத் தக்க தரத்தில், காக்பிட்டின் பெரும்பாலான பொத்தான்கள் வேலை செய்யும்படி செய்திருக்கிறார்கள். அதை நிறுவிய முறையைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் உருவாக்கியவர்களின் பக்கத்தில் 'ரிலீசஸ்' என்ற பகுதிக்குச் சென்று அங்குள்ள ஜிப் கோப்பை எடுங்கள். அதே பக்கத்தில் 'சோர்ஸ் கோடு' என்ற பெயரில் இன்னொரு ஜிப் தானாகவே தொங்கிக்கொண்டிருக்கும். அது விமானத்தை உருவாக்குபவர்களுக்கானது, பறப்பவர்களுக்கானதன்று. பிறகு விண்டோஸில் உங்கள் பயனர் பெயருக்குக் கீழே உள்ள 'சேவ்டு கேம்ஸ்' கோப்புறையைத் திறந்து, அதனுள் 'டிசிஎஸ்', அதனுள் 'மோட்ஸ்', அதனுள் 'ஏர்கிராஃப்ட்' என்று வரிசையாகச் செல்லுங்கள். கடைசி இரண்டும் இல்லையென்றால் நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம். ஜிப்பை விரித்தால் வரும் விமானத்தின் கோப்புறையை அங்கே வைக்க வேண்டும். சிமுலேட்டர் நிறுவப்பட்டிருக்கும் முதன்மைக் கோப்புறையில் எக்காரணத்தைக் கொண்டும் எதையும் வைக்காதீர்கள். அங்கே வைத்தால் அடுத்த புதுப்பிப்பிலோ பழுதுபார்ப்பிலோ அது அழிந்துபோகலாம். அங்குள்ள மூலக் கோப்பு ஒன்றை மாற்றிவிட்டால் இணையவழி ஆட்டங்களில் நடக்கும் கோப்புச் சரிபார்ப்பிலும் நீங்கள் தேறமாட்டீர்கள். மோட் போட்டால் சிமுலேட்டர் கெடும் என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் கெடுத்துக்கொண்டவர்கள் என்பது என் கணிப்பு.

பட்டியலில் விமானம் வராததற்கு மிகச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. ஜிப் கோப்பை விரிக்கும்போது, ஒரு கோப்புறைக்குள் அதே பெயரில் இன்னொரு கோப்புறை உருவாகிவிடும். விமானத்தின் பெயருள்ள கோப்புறையைத் திறந்தவுடன் 'என்ட்ரி.லுவா' என்ற கோப்பு கண்ணில் பட வேண்டும். சிமுலேட்டர் முதலில் தேடுவது அந்தக் கோப்பைத்தான். விமானத்தின் பெயர் என்ன, வடிவங்களும் படங்களும் எந்தக் கோப்புறையில் இருக்கின்றன, அதை மனிதர் ஓட்டலாமா என்பவை எல்லாம் அதில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அது ஒரு படி உள்ளே தள்ளியிருந்தால், சிமுலேட்டரைப் பொறுத்தவரை அப்படி ஒரு விமானமே இல்லை.

வண்ணப்பூச்சு வேறு கதை. அதை விமானத்தின் கோப்புறைக்குள் திணிக்கத் தேவையில்லை. அதே 'டிசிஎஸ்' கோப்புறையில் 'லிவரீஸ்' என்று ஒன்றை உருவாக்கி, அதனுள் விமானத்தின் பெயரில் ஒரு கோப்புறையும், அதனுள் உங்கள் வண்ணத்துக்கு ஒரு கோப்புறையும் வைத்து, படக் கோப்புகளையும் 'டிஸ்கிரிப்ஷன்.லுவா' கோப்பையும் அதில் போட்டால் போதும். அடுத்த முறை விமானத்தின் புதிய பதிப்பை நிறுவும்போது உங்கள் ஓவியம் அழியாது. நான் அப்பாவின் பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு, 142-ஆம் படைப்பிரிவின் விமானம் ஒன்றின் வண்ணத்தை அப்படித்தான் வரைந்து சேர்த்தேன்.

அப்பாவை உட்காரவைத்து, ஓடுபாதை ஓரத்தில் நின்றிருந்த விமானத்தை வெளியிலிருந்து சுற்றிக் காட்டினேன். அவர் என் வண்ணத்தைப் பார்க்கவில்லை. இறக்கையின் முன்விளிம்பைப் பார்த்தார். ஸ்கைஹாக்கின் முன்விளிம்பில் இருக்கும் ஸ்லாட் என்ற தகட்டுக்கு மோட்டாரும் கிடையாது, விசையும் கிடையாது. நிற்கும்போது அது தன் எடையாலேயே கீழே தொங்கும். வேகம் கூடும்போது காற்று அதை உள்ளே தள்ளும். வேகம் குறைந்தால் மறுபடி இறங்கும். மோடிலும் அது தொங்கிக்கொண்டிருந்தது. "தினமும் காலையில் இதைக் கையால் மேலே தள்ளி விட்டுப் பார்ப்போம், தம்பி. தடையில்லாமல் இறங்க வேண்டும். ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் சிக்கிக்கொண்டால் விமானம் உருண்டுவிடும்," என்றார் அப்பா. சம்பளம் வாங்காத சிலர் அந்தத் தகட்டைக்கூட விட்டுவிடாமல் செய்திருக்கிறார்கள் என்பதுதான், இலவசம் என்றால் மட்டம் என்று எண்ணுபவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது.

இதே விமானத்தை ஓட்டும் புதியவர்கள், தரையில் அது திரும்ப மறுக்கிறது, மோட் பழுது என்று அடிக்கடி குறை சொல்கிறார்கள். பழுதன்று. ஏ-4இ விமானத்தின் மூக்குச் சக்கரத்துக்குத் திசைதிருப்பும் வசதியே கிடையாது. இடது பிரேக்கையோ வலது பிரேக்கையோ தனித்தனியாக அழுத்தித்தான் திரும்ப வேண்டும். ஆகவே ஜாய்ஸ்டிக்கில் இரண்டு பிரேக்குகளையும் தனித்தனி விசைகளுக்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் கட்டுப்பாடுகளைப் புதிதாகத்தான் அமைக்க வேண்டும். வேறு விமானத்துக்கு நீங்கள் செய்துவைத்த அமைப்பு தானாக வந்து சேராது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் வண்ணம் பூசியதால் அது ஏ-4எஸ்யு ஆகிவிடாது. உள்ளே இருப்பது ஜே52 எஞ்சின் பூட்டிய அமெரிக்க ஏ-4இ. இரண்டு விமானிகளுக்கும் தனித்தனி மூடிகள் கொண்ட, சிங்கப்பூருக்கே உரிய டிஏ-4எஸ்யு பயிற்சி விமானமும் இதில் கிடையாது. மோட்களிலும் தரம் ஒன்றுபோல் இருக்காது. ஏ-4இ-சி, விமானம் காற்றில் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிடும், தனக்கென்று எழுதப்பட்ட பறப்பு மாதிரியைத் தனி டிஎல்எல் கோப்பாகக் கொண்டிருக்கிறது. வேறு பல மோட்கள் எடை, இறக்கைப் பரப்பு, உந்துவிசை ஆகிய எண்களை லுவா என்ற நிரல்மொழியில் ஓர் அட்டவணையாக எழுதி, மீதியை சிமுலேட்டரின் எளிய கணக்குக்கு விட்டுவிடுகின்றன. சில மோட்கள், பெயர் பெற்ற எஃப்-22 மோடைப் போல, எஃப்-15சி விமானத்தின் கருவிகளைக் கடன் வாங்கி ஓடுகின்றன. அதற்கு நீங்கள் எஃப்-15சி அடங்கிய ஃப்ளேமிங் கிளிஃப்ஸ் தொகுப்பை விலை கொடுத்து வாங்கியிருக்க வேண்டும். பதிவிறக்கும் முன் உருவாக்கியவர்களின் குறிப்பை முழுமையாகப் படியுங்கள்.

ஸ்கைஹாக் போர் விமானமே அன்று, தாக்குதல் விமானம் என்று யாராவது கீழே எழுதக்கூடும். வகைப்படி அது உண்மைதான். ஆனால் 1969-இல் மிராமரில் தொடங்கிய அமெரிக்கக் கடற்படையின் டாப்கன் பள்ளியில், மிக்-17 போல நடித்து ஃபாண்டம் விமானிகளை வான்சண்டையில் திணறடிக்க இதே ஸ்கைஹாக்கைத்தான் எடை குறைத்துப் பயன்படுத்தினார்கள். எனக்கு அது போதும்.

டிஎல்எல் என்று சொன்னேன் அல்லவா? அது உங்கள் கணினியில் உங்கள் உரிமையுடன் ஓடும் நிரல். ஆகவே உருவாக்கியவர்களின் பக்கத்தைத் தவிர வேறெங்கிருந்தும் மோட்களை எடுக்காதீர்கள். இதில் எனக்கு ஒரு தனிப்பட்ட வருத்தமும் உண்டு. நான் அப்பாவுக்காக வரைந்து, பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வெளியிட்ட அந்த வண்ணப்பூச்சை, ஒருவர் என்னைக் கேட்காமலே தம் 'மெகா பேக்'கில் சேர்த்து, மாதச் சந்தா கட்டுபவர்களுக்கு மட்டும் தருகிறார். ஏ-4இ-சி குழுவின் விமானமும் அதே தொகுப்பில் பழைய பதிப்பாகக் கிடக்கிறது. கடிதம் எழுதியும் பதில் இல்லை. காசு போனது வருத்தமில்லை, நான் காசே கேட்கவில்லை. அந்தப் பழைய பதிப்பு ஓடாமல் போனதும் மக்கள் வந்து திட்டுவது உருவாக்கிய குழுவைத்தான் என்பதே என்னால் பொறுக்க முடியாத செய்தி. திருட்டு என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டுமானால் இங்கே பயன்படுத்துங்கள்.

நண்பர்களுடன் சேர்ந்து பறப்பதென்றால், எல்லாரிடமும் அதே மோட், அதே பதிப்பு இருக்க வேண்டும். மோட் இருந்தே தீர வேண்டும் என்று குறிக்கப்பட்ட சர்வரில், அது இல்லாதவர் நுழைய முடியாது. புதிய பதிப்பு வந்தால் பழைய கோப்புறையின் மேலேயே விரிக்காமல், பழையதை முழுவதும் நீக்கிவிட்டுப் புதியதை வையுங்கள். சிமுலேட்டரின் பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு படம் சிதறித் தெரிந்தால், 'சேவ்டு கேம்ஸ்' கோப்புறையின் 'டிசிஎஸ்'ஸுக்குள் இருக்கும் 'எஃப்எக்ஸ்ஓ', 'மெட்டாஷேடர்ஸ்2' என்ற இரண்டு கோப்புறைகளில் உள்ளவற்றை அழித்துவிடலாம். சிமுலேட்டர் அவற்றைத் தானே மறுபடி உருவாக்கிக்கொள்ளும். அப்போது முதல் முறை திறக்க மட்டும் சற்று நேரமாகும்.

இவ்வளவு செய்தும் விமானம் பட்டியலில் வரவில்லையென்றால், அதே 'டிசிஎஸ்' கோப்புறையில் 'லாக்ஸ்' என்பதைத் திறந்து, 'டிசிஎஸ்.லாக்' கோப்பில் விமானத்தின் பெயரைத் தேடுங்கள். அதை ஏற்றும்போது எங்கே தடுக்கியது என்பது பெரும்பாலும் அங்கே எழுதப்பட்டிருக்கும். அந்தப் பெயர் வரும் வரிகளை மட்டும், உங்கள் பயனர் பெயரை நீக்கிவிட்டு, கீழே கருத்தில் இடுங்கள். பார்த்துச் சொல்கிறேன். அந்தப் பெயரே லாக்கில் இல்லையென்றால் கோப்புறை தவறான இடத்தில் இருக்கிறது என்று பொருள், மறுபடி 'என்ட்ரி.லுவா' எங்கே இருக்கிறதென்று பாருங்கள்.