கணினிக் கேள்வி பதில்: ஓடத் தொடங்கிய கண்டெய்னரும் தயாராகாத தரவுத்தளமும்

கேள்வி: சிறு விவசாயிகள் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் பச்சைத் தேயிலையின் எடையைப் பதிவு செய்யும் செயலி ஒன்றை எழுதி வருகிறோம். நிரலை கிட்லேபில் (நிரல்களைச் சேமித்து, தானாகச் சோதிக்கும் தளம்) ஏற்றும்போதெல்லாம், செயலி, போஸ்ட்கிரெஸ் (தரவுத்தளம்), ரெடிஸ் (நினைவகத்தில் தரவு வைக்கும் சேமிப்பகம்) ஆகிய மூன்று கண்டெய்னர்களையும் (மென்பொருளைத் தனியாகப் பிரித்து ஓட்டும் பெட்டிகள்), பல கண்டெய்னர்களை ஒன்றாக இயக்கும் டாக்கர் கம்போஸ் எழுப்பி, சோதனைகளை ஓட்டி, முடிவில் வால்யூம்களோடு (தரவு சேமிக்கும் இடங்கள்) சேர்த்து அழித்துவிடும். என் மடிக்கணினியில் தவறாத சோதனைகள், அலுவலகத்துப் பழைய கணினியில் ஓடும் பைப்லைனில் (இந்தத் தானியங்கிச் சோதனை வரிசையில்) மட்டும் அவ்வப்போது 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று தோற்கின்றன. 30 விநாடி காத்திருக்கச் சொல்லியும் முழுமையாகத் தீரவில்லை. என்ன காரணம்?
(வாசகர், கோத்தகிரி)

பதில்: எப்போதுமே தோற்றிருந்தால், செயலி தரவுத்தளத்தை 'லோக்கல்ஹோஸ்ட்' என்று தேடுகிறதோ என ஐயப்பட்டிருப்பேன், கண்டெய்னருக்குள் அந்தப் பெயர் அந்தக் கண்டெய்னரையே குறிக்குமாதலால், கம்போஸ் கோப்பிலுள்ள சேவைப் பெயரையே கொடுக்க வேண்டும். அவ்வப்போது தோற்பதால், உங்கள் சிக்கல் நேரத்தைச் சார்ந்தது.

மடிக்கணினியில் பழைய வால்யூம் அப்படியே இருப்பதால் போஸ்ட்கிரெஸ் விரைவில் தயாராகிவிடுகிறது. பைப்லைனிலோ வால்யூம் ஒவ்வொரு முறையும் வெறுமையாக இருப்பதால், அது முதலில் தரவுக் கோப்புகளை உருவாக்கி, தற்காலிக சர்வர் ஒன்றை ஓட்டித் தொடக்க ஸ்கிரிப்டுகளை நிறைவேற்றி, அதை நிறுத்திய பிறகே 5432 போர்ட்டில் (இணைப்புக்கான வாயில் எண்) இணைப்புகளை ஏற்கிறது. எந்தச் சேவை எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் கம்போஸின் 'டிபென்ட்ஸ் ஆன்' வரியைச் சுருக்கமாக எழுதினால், அது கண்டெய்னர் தொடங்கியதை மட்டுமே பார்க்கும். உள்ளே இருப்பது தயாரா என்று பார்க்காது. மடிக்கணினியிலும் வால்யூமை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் இதே பிழை தோன்றும்.

தரவுத்தளச் சேவைக்கு 'ஹெல்த்செக்' (நலமா என்று அவ்வப்போது பார்க்கும் சோதனை) எழுதி, அதில் போஸ்ட்கிரெஸ் தயாரா என்று கேட்கும் 'பிஜி இஸ்ரெடி' கட்டளையை வைத்து, 'டிபென்ட்ஸ் ஆன்' பகுதியில் 'சர்வீஸ் ஹெல்த்தி' என்ற நிபந்தனையைச் சேருங்கள். இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு: மேற்சொன்ன தற்காலிக சர்வர் யூனிக்ஸ் சாக்கெட்டில் (பிணையம் வழியாக அல்லாமல் உள்ளுக்குள்ளேயே பேசும் வழி) மட்டுமே இயங்குவதால், ஹோஸ்ட் பெயர் கொடுக்காமல் அக்கட்டளையை ஓட்டினால், தொடக்க வேலை முடியும் முன்பே 'தயார்' என்று பதில் வந்துவிடக்கூடும். ஆகவே அந்தக் கண்டெய்னரையே பிணையம் வழியாகக் குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியைக் கட்டாயம் கொடுங்கள். அந்த 30 விநாடி வரியை நீக்கிவிடலாம். கணினி திணறும் நாளில் அது போதாது, மற்ற நாள்களில் வீண்.

காத்திருப்பை நீட்டியும் தீராததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஒரே ரன்னரில் (பைப்லைன் வேலைகளை ஓட்டும் நிரல்) இரண்டு பைப்லைன்கள் ஒரே சமயத்தில் ஓடினால், கம்போஸ் கோப்புறையின் பெயரையே திட்டப் பெயராகக் கொள்வதால், ஒன்றின் முடிவில் நடக்கும் அழிப்பு மற்றொன்றின் கண்டெய்னர்களையும் சேர்த்தே அழித்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஜாப் எண்ணை (கிட்லேப் ஒவ்வொரு வேலைக்கும் தரும் எண்) இணைத்துத் தனித் திட்டப் பெயர் கொடுங்கள். சோதனைக்கான கம்போஸ் கோப்பில் போர்ட்டுகளை வெளியே திறந்துவிடவும் தேவையில்லை; திறந்தால் இரண்டு ஓட்டங்களும் 5432-க்காக மோதிக்கொள்ளும்.

வால்யூம்களை அழியுங்கள், கண்டெய்னர்களை உருவாக்கும் அச்சுகளான இமேஜ்களை அழிக்காதீர்கள்; அழித்தால் அவற்றை மீண்டும் இணையத்திலிருந்து இறக்க வேண்டிவரும். மழைக்காலத்தில் மலையில் இணையம் எப்படி ஊர்கிறது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு? தரவுத்தளத்தையும் செயலியையும் ஒரே கண்டெய்னரில் வைத்துவிட்டால் என்ன?
(வாசகி, கொடைக்கானல்)

பதில்: வைக்கலாம், ஓடவும் செய்யும். ஆனால் உள்ளே தரவுத்தளம் மட்டும் நின்றுபோனாலும் கண்டெய்னர் ஓடிக்கொண்டிருப்பதாகவே டாக்கர் காட்டும். இரண்டின் பதிவுகளும் கலந்து வருவதால் பிழையைத் தேடுவதும் கடினம். போஸ்ட்கிரெஸின் அடுத்த பதிப்பில் சோதிக்க விரும்பினால், தனித்தனியாக வைத்திருப்பவர் ஒரு வரியை மாற்றினால் போதும். நீங்களோ இமேஜ் முழுவதையும் மீண்டும் கட்ட வேண்டியிருக்கும்.