புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்

அன்புள்ள அம்மா,

வணக்கம். உங்கள் கடிதத்தை நிதானமாக இரண்டு முறை படித்தேன். மகள் ஒன்பதாம் வகுப்பு. கணக்கு, அறிவியல் எல்லாம் ஒரு வழியாகச் சமாளித்துவிடுகிறாள், சமூக அறிவியலில் மட்டும் மார்க் ஏற மாட்டேன் என்கிறது. இரவு வெகுநேரம் சத்தம் போட்டுப் படிக்கிறாள், காலையில் கேள்வி கேட்டால் பேந்தப் பேந்த விழிக்கிறாள். இவளுக்கு ஞாபக சக்தி குறைவோ என்று பயந்து கேட்டிருக்கிறீர்கள்.

அதே கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் தோழியோடு நடந்த சண்டையை, யார் முதலில் என்ன பேசினார்கள் என்பது வரைக்கும் இன்றும் சொல்கிறாளாம். அப்படிப்பட்ட பிள்ளையின் ஞாபக சக்தியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்தச் சண்டை ஏன் மறக்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள். யார், எதற்காக, அப்புறம் என்ன ஆனது என்று ஒன்றோடொன்று கோத்து அது மனசில் கிடக்கிறது. பத்துத் தடவையாவது யாரிடமாவது அதைச் சொல்லியும் இருப்பாள். அவள் பாடம் படிக்கும் முறையில் இந்த இரண்டுமே நடக்கவில்லை.

நீங்கள் படம் எடுத்து அனுப்பிய பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் உலகப் போர்ப் பாடம். 26 வரிகளில் 22 வரிகள் மஞ்சள் ஹைலைட்டரில் மூழ்கியிருக்கின்றன. தேதி, ஊர், பெயர், ஒப்பந்தம் எல்லாம் மஞ்சள். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறிகூடக் கிடையாது. மஞ்சள் படாத நான்கு வரிகளில் ஒன்று ‘இதன் விளைவாக’ என்று தொடங்குகிறது. அந்தப் பக்கத்திலேயே முக்கியமான வரி அதுதான் அம்மா. அதைத் தாண்டிப் போய்விட்டாள். எனவே முதல் வேலையாக அந்த ஹைலைட்டரை ஒரு மாதத்துக்கு உள்ளே வைத்துவிடச் சொல்லுங்கள். பதிலுக்கு ஒரு பென்சில் போதும். ‘ஏனென்றால்’, ‘இதனால்’, ‘இருந்தபோதிலும்’ போன்ற சொற்கள் வரும் இடத்தில் மட்டும் சின்னதாக வட்டம் போடட்டும். பாடத்தை எழுதியவர் காரணத்தைச் சொல்லும் இடங்கள் அவை.

அடுத்தது, திரும்பத் திரும்ப வாசிப்பது. ஒரு பக்கத்தை ஐந்தாவது தடவை வாசிக்கும்போது வரிகள் பழகிப்போகும். பழகியதையே தெரிந்ததாக மனசு எடுத்துக்கொள்ளும். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனையைப் பெற்றோர் எல்லோரிடமும் சொல்கிறேன். கல்லூரி மாணவர்களுக்குச் சிறிய உரைநடைப் பகுதிகளைப் படிக்கக் கொடுத்தார்கள். அப்புறம் ஒரு பகுதியை மறுபடியும் படிக்கவைத்தார்கள், இன்னொன்றைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்த பகுதிதான் முன்னால் நின்றது, அதில் 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். மறுபடி படித்த பகுதியில் 42 சதவீதம் நினைவிருந்தது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்ததில் 56. உங்கள் மகள் இரவில் தெரிந்தது போல் உணர்வதும், பரீட்சை ஹாலில் தடுமாறுவதும் இந்த எண்களுக்குள்ளேயே இருக்கின்றன.

ஆகவே இப்படிச் செய்யட்டும். ஒரு உட்தலைப்பு, இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒரு தடவை கவனமாகப் படித்ததும் புத்தகத்தை மூடி, கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். ஒரு வெற்றுத்தாளில் நினைவுக்கு வருவதை எல்லாம் எழுத வேண்டும். வரிசை வேண்டாம், அழகு வேண்டாம், அம்புக்குறி போட்டாலும் சரி. முதல் நாள் பாதித் தாள்கூட நிறையாது. அந்த நேரத்தில் அழுகை வரும், “எனக்கு ஒண்ணுமே தெரியல” என்பாள். பக்கத்தில் இருங்கள், ஆனால் எடுத்துக் கொடுக்காதீர்கள். அந்தத் திணறல்தான் வேலை செய்கிறது. எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் எழுதிச் சேர்க்கட்டும். மறுநாள் படிக்க வேண்டியது அந்த வேறு நிற வரிகளை மட்டும்தான். இதற்கெல்லாம் சேர்த்து இருபத்தைந்து நிமிஷம் ஆகும்.

அதே தாளை மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று இடைவெளி விட்டு மறுபடி எழுதிப் பார்க்க வேண்டும். எபிங்காஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தன்னையே சோதனைப் பொருளாக வைத்து 1885-இல் வெளியிட்ட ஆய்வு, மறதி முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாக நடக்கிறது, அப்புறம் மெதுவாகிவிடுகிறது என்று காட்டியது. பரீட்சைக்கு முதல் நாள் ஆறு மணி நேரம் உருப்போடுவதைவிட, அதே ஆறு மணி நேரத்தை மூன்று வாரத்தில் பிரித்துப் போடுவது எவ்வளவோ மேல்.

இனி வருஷங்கள். அவளுடைய பெரிய பயம் இதுதான் என்று எழுதியிருந்தீர்கள். எல்லா வருஷத்தையும் ஒரே கனத்தோடு சுமக்க வேண்டியதில்லை. சிலவற்றை மட்டும் முளை மாதிரி ஆழமாக அடித்துவிட்டு, மற்றதைக் கயிறு கட்டி இழுத்துக்கொள்ளலாம். அவள் படிக்கும் பாடத்துக்கு 1914, 1919, 1929, 1933, 1939 என்ற ஐந்து முளை போதும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் “அதனால்?” என்ற கேள்விதான் கயிறு.

1914 ஜூன் 28, சரயேவோவில் ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் சுட்டுக் கொல்லப்படுகிறார். அதனால்? சரியாக ஒரு மாதம் கழித்து ஜூலை 28-இல் ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியா மீது போர் அறிவிக்கிறது. செர்பியாவுக்குத் துணையாக ரஷ்யா படை திரட்டுகிறது. ரஷ்யா மீது ஜெர்மனி போர் அறிவிக்கிறது, ரஷ்யாவின் கூட்டாளியான பிரான்ஸ் மீதும் அறிவிக்கிறது. பிரான்ஸைத் தாக்கப் பெல்ஜியத்துக்குள் ஜெர்மன் படை நுழைந்ததும், ஆகஸ்ட் 4-இல் பிரிட்டனும் இறங்கிவிடுகிறது. ஒரு கொலை எப்படி ஒரு கண்டத்தையே பற்றவைத்தது என்ற கேள்விக்கு, முன்கூட்டியே செய்து வைத்திருந்த கூட்டணிகள் என்ற பதிலின் பெரும் பகுதி இந்தச் சங்கிலியிலேயே வந்துவிடுகிறது. இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு ‘போருக்கான காரணங்கள்’ என்ற ஐந்து மார்க் கேள்வியைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இருக்காது. இன்னொரு விஷயம் சொன்னால் அவள் கண் விரியும். போர் ஓய்ந்த பின் ஜெர்மனியோடு செய்துகொண்ட வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானது 1919 ஜூன் 28. இளவரசர் கொல்லப்பட்ட அதே தேதி, சரியாக ஐந்து வருஷம் கழித்து. இனி அந்த இரண்டு தேதிகளும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும்.

1919-க்கும், ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-க்கும் நடுவில் உள்ள கயிற்றை அவளே திரிக்கட்டும். ஜெர்மனி மீது சுமத்தப்பட்ட இழப்பீடு, 1923-இல் காகிதமாகிப்போன பணம், 1929-இல் அமெரிக்கப் பங்குச்சந்தையின் சரிவு, வேலையில்லாத் திண்டாட்டம் எல்லாம் அவள் புத்தகத்திலேயே தனித்தனித் தலைப்புகளாகச் சிதறிக் கிடக்கும். அவற்றை ஒரே தாளில் சேர்த்துப் பார்ப்பதுதான் வரலாறு படிப்பது.

புவியியலும் இப்படித்தான். வரைபடத்தைக் கடைசியில் சில மதிப்பெண்ணுக்காக மட்டும் தொடுகிற பழக்கம் பல பிள்ளைகளிடம் இருக்கிறது, அது எனக்கு வருத்தமாக இருக்கும். பாடத்தைத் தொடங்கும்போதே வரைபடம் மேசையில் இருக்க வேண்டும். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில், கடலை ஒட்டியே, உலகத்தின் மிக வறண்ட இடங்களில் ஒன்றான அட்டகாமா பாலைவனம் இருக்கிறது. பக்கத்திலேயே கடல், ஆனால் மழை இல்லை, ஏன்? கரையோரம் ஓடும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் மேலே உள்ள காற்றைக் குளிரவைக்கிறது. அந்தக் காற்று மேலெழும்பி மழை மேகமாக முடிவதில்லை. கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றை ஆண்டிஸ் மலை தடுத்துவிடுகிறது. இதைப் படித்த கையோடு விரலை அப்படியே ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு நகர்த்தச் சொல்லுங்கள். அங்கே நமீப் பாலைவனம், பக்கத்தில் குளிர்ந்த பெங்குவெலா நீரோட்டம். ஒன்றைப் புரிந்துகொண்டால் இன்னொன்றில் பாதி தானாகவே புரிந்துவிடும். வாரம் ஒரு தடவை பார்க்காமல் கையால் வரைபடம் போடட்டும். கோணலாக வந்தால் பரவாயில்லை, எதன் பக்கத்தில் எது என்பது சரியாக இருந்தால் போதும்.

குடிமையியலுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தினமும் ஒரு செய்தியை எடுத்து, இதைச் செய்தது சட்டமன்றமா, நிர்வாகமா, நீதிமன்றமா, அவர்களைத் தட்டிக் கேட்க யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டால் பாடம் உயிரோடு வரும்.

விடை எழுதுவதில் ஒன்றே ஒன்று. ‘விவரி’, ‘ஒப்பிடு’, ‘காரணம் கூறு’ என்று கேள்வி என்ன கேட்கிறதோ அதன் கீழ் முதலில் கோடு போடச் சொல்லுங்கள். ‘ஒப்பிடு’ என்று கேட்டதற்கு இரண்டையும் தனித்தனியே விவரித்துவிட்டு மதிப்பெண்ணை இழந்த தாள்கள் ஏராளமாக என் கைக்கு வருகின்றன.

உங்கள் பங்கு என்ன என்று கேட்டிருந்தீர்கள். புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒப்பிக்கச் சொல்லாதீர்கள் அம்மா. ஒரு வார்த்தை மாறினாலும் தப்பு என்ற எண்ணம் அதில்தான் விழுகிறது. பாடம் தெரியாதவர் போல உட்கார்ந்து, “அந்த நாடு எதுக்குச் சண்டைக்குப் போச்சு?” என்று கேளுங்கள். அவள் சொல்வது உங்களுக்குப் புரியவில்லை என்றால், “புரியலையே, இன்னொரு தடவை சொல்லு” என்று சொல்லுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்ல முயலும்போது தனக்கு எங்கே தெளிவில்லை என்பது அவளுக்கே தெரிந்துவிடும். நீங்கள் அதிகம் படிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இந்த வேலைக்கு அது ஒரு குறையே இல்லை.

அவளுடைய அப்பா, “இந்தப் பாடத்தால என்ன வேலை கிடைக்கப் போகுது?” என்று கேட்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். சட்டம், பத்திரிகை, பொருளாதாரம், அரசு நிர்வாகம், நகரத் திட்டமிடல், தொல்லியல், கணினி வழி வரைபடத் தயாரிப்பு என்று நேராகவே பல வழிகள் இருக்கின்றன. அவள் பொறியியலுக்கே போனாலும், ஒரு நீண்ட அறிக்கையைப் படித்து, இதை யார் எழுதினார், யாருக்காக எழுதினார், ஆதாரம் என்ன என்று கேட்கும் பழக்கத்தை இப்போது இந்த வகுப்பில்தான் வளர்த்துக்கொள்ள முடியும். அவரிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் எந்த வேலை என்று முடிவெடுக்க அவசரம் வேண்டாம்.

வாரத்தில் நான்கு நாள், இருபத்தைந்து நிமிஷம். இப்போதைக்கு அவ்வளவுதான் கேளுங்கள். இரவு நெடுநேரம் கண்விழிப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள், தூக்கம் குறைந்தால் படித்தது தங்காது. எழுதிய தாள்களில் தேதி போட்டு, எதையும் தூக்கிப் போடாமல் ஒரு கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். மூன்று வாரம் கழித்து முதல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த பாடத்துக்கு எப்படித் தொடங்கலாம் என்று எழுதுகிறேன்.