நட்சத்திர முக்கோண புரோகிராமை மனப்பாடம் செய்யாமல் எழுதுவது எப்படி?

ஒரு லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளை) புரிகிறது, லூப்புக்குள் லூப் வந்தால் குழம்பிவிடுகிறது, * குறிகளால் ஆன 5 வரி முக்கோணத்தைக்கூட பார்க்காமல் எழுத வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் முதலாண்டு லேபில் இதை மனப்பாடம் செய்துதான் ஓட்டினேன். தேர்வில் அதையே தலைகீழாகக் கேட்டார்கள், கை அப்படியே நின்றுவிட்டது.

எனக்கு இது பிடிபட்டது வீட்டு வாசலில்தான். மார்கழியில் ஒருநாள் அம்மா தங்கையிடம் கோலத்துக்கு "7 புள்ளி, 1 வரை, நேர்ப்புள்ளி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார், அவள் நடுவில் 7 வைத்து, மேலும் கீழும் 5, 3, 1 என்று மொத்தப் புள்ளியையும் வைத்து முடித்துவிட்டாள். எந்த வரிசையில் எத்தனை புள்ளி என்று யாரும் அவளுக்குத் தனித்தனியாகச் சொல்லவில்லை. தொடக்கம், முடிவு, வரிசைக்கு எவ்வளவு குறைய வேண்டும், இந்த மூன்றும் அவளுக்குப் போதுமானதாக இருந்தன. லூப்புக்கும் நாம் கொடுப்பது இதே மூன்றுதான்.

அதனால் கீபோர்டைத் தொடும் முன் ஒரு தாளில் வரிசை எண்ணை எழுதி, பக்கத்தில் அந்த வரிசையில் எத்தனை நட்சத்திரம் என்று எழுதுங்கள். சாதாரண முக்கோணத்துக்கு 1-க்கு 1, 2-க்கு 2, அப்படியே 5 வரை. வரிசை எண்ணும் நட்சத்திர எண்ணிக்கையும் ஒன்றுதான் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். அப்போது:

வரிசை = 1 முதல் 5 வரை:
    புள்ளி = 1 முதல் வரிசை வரை:
        * அச்சிடு
    அடுத்த வரிக்குப் போ

இரண்டாவது வரியில் "5 வரை" என்று இல்லை, "வரிசை வரை" என்று இருக்கிறது பாருங்கள். முக்கோணம் வளர்வதற்குக் காரணமே அந்த ஒரு சொல்தான். அங்கே 5 என்று போட்டால் சதுரம் வரும், 6 − வரிசை என்று போட்டால் தலைகீழ் முக்கோணம்.

அப்புறம் அந்தக் கடைசி வரி எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். அது உள் லூப்புக்குள் போய்விட்டால் 15 நட்சத்திரமும் ஒன்றன்கீழ் ஒன்றாக விழும், வெளி லூப்புக்கும் வெளியே வந்துவிட்டால் 15-ம் ஒரே வரியில் நிற்கும். நீங்கள் குழம்புகிற இடம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும், அதனால் வேண்டுமென்றே இரண்டு தப்பையும் ஒருமுறை செய்து பாருங்கள்.

பிரமிடுக்குத் தாளில் இன்னொரு நெடுவரிசை கூடும், முன்னால் விடும் இடைவெளிக்கு. 5 வரிசை என்றால் இடைவெளி 5 − வரிசை, நட்சத்திரம் 2 × வரிசை − 1. இரண்டு இரண்டாகக் கூடுவதால் இது நேர்ப்புள்ளி. நட்சத்திரத்தை ஒன்று ஒன்றாகக் கூட்டி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு இடைவெளி விட்டால் மேல் வரிசையின் இடுக்கில் கீழ் வரிசை உட்கார்ந்துகொள்ளும், அது இடுக்குப் புள்ளி. அம்மா சொன்ன 7-1 கோலத்துக்கு மேல் பாதி 4 வரிசை, கீழே வரிசை எண் 3, 2, 1 என்று இறங்கும் இன்னொரு லூப். 16-ம் 9-ம் சேர்ந்து 25 புள்ளி.

நட்சத்திரம் கைவந்த பிறகு "தமிழ்" என்ற சொல்லை எழுத்து எழுத்தாக வளர்த்துப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது. மூன்று வரி வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். பைத்தான் என்ற நிரல் மொழியில் ஐந்து வரும்:

த
தம
தமி
தமிழ
தமிழ்

கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் ி என்ற குறிக்கும் ழ்-இன் மேல் உள்ள புள்ளிக்கும் தனித்தனிக் குறியீடு இருப்பதால் நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. சி என்ற நிரல் மொழியில் பைட் பைட்டாக (பைட் என்பது கணினி நினைவகத்தின் சிறு அலகு) அச்சிட்டால் இன்னும் மோசம், யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இந்த ஒவ்வொரு குறியீடும் 3 பைட் என்பதால் நடுவில் உடைந்த கட்டங்கள்தான் தெரியும். சரி, இதற்கு என்ன செய்வது? லூப்பில் கை வைக்க வேண்டாம். முதலில் சொல்லை த, மி, ழ் என்று பட்டியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உயிர்மெய்க் குறியோ புள்ளியோ வந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டு என்ற ஒரு நிபந்தனை போதும். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல் தொகுப்பிலும் இதற்கு ஆயத்தமாக வழி இருக்கிறது. பிறகு மேலே எழுதிய அதே லூப்பை ஓட்டுங்கள், த, தமி, தமிழ் என்று மூன்றே வரியில் வந்து நிற்கும்.

அடுத்து 7 முதல் 4 வரை இடுக்குப் புள்ளியை நீங்களே எழுதிப் பாருங்கள். 37 புள்ளி வர வேண்டும், எண்ணிக்கை இடித்தால் உங்கள் தாளில் உள்ள அட்டவணையைக் கருத்துரையில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.