மஞ்சள் சட்டையின் ஓட்டைகள்: கேள்வி பதில்

2024 ஏப்ரல் 19 அன்று புவனேஸ்வரத்தின் கலிங்கா மைதானத்தில், ஒடிசா எஃப்சியிடம் கூடுதல் நேரத்தில் 2-1 என்று தோற்று, இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்தின் பிளே ஆஃப் சுற்றிலிருந்து மஞ்சள் சட்டைக்காரர்களான நம் கேரளா பிளாஸ்டர்ஸ் வெளியேறியது. ஒரு வாரத்தில் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச்சும் விலகினார். அதிலிருந்து கேள்விகள் குவிகின்றன. ஆட்டத்தைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். யார் வருகிறார், யார் போகிறார் என்ற வதந்திகளுக்கு இங்கே பதில் கிடையாது.

கோவை வாசகர்: கையில் இருந்த ஆட்டம். எப்படி நழுவியது?

67-ஆவது நிமிடத்தில் நம் ஃபியோதர் செர்னிக் கோல் அடித்தார். 87-இல் ஒடிசாவின் டியாகோ மொரீசியோ சமன் செய்தார். 98-இல் இசாக் ரால்தே முடித்துவைத்தார். இந்த எண்களை எங்கோ பார்த்த நினைவு வருகிறதா? 2022 மார்ச் 20, ஃபதோர்டா, ஹைதராபாத்துக்கு எதிரான இறுதி ஆட்டம். 68-இல் நம் ராகுல் கே.பி. கோல், 88-இல் சாஹில் தவோரா பதில் கோல், பிறகு பெனால்டி ஷூட்அவுட்டில் 3-1 தோல்வி. இரண்டு ஆண்டு இடைவெளியில் ஏறக்குறைய ஒரே ஆட்டத்தை இரண்டு முறை தோற்றிருக்கிறோம். பயிற்சியாளர் ஒருவர்தான், ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் மாறிவிட்டார்கள். ஆகவே தனி ஒருவர் தலையில் பழியைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

முன்னிலை பெற்றதும் அணி மொத்தமாகத் தன் பெனால்டி பகுதியை நோக்கி நகர்ந்துவிடுகிறது. பந்தைத் தட்டிப் பறித்தாலும் முன்னால் அதை வாங்கி வைத்துக்கொள்ள ஆளில்லை. உதைத்து விரட்டிய பந்து அரை நிமிடத்தில் திரும்பி வருகிறது. ஒடிசாவுடன் ஆடிய அன்றைக்கு நம் முன்கள ஆட்டக்காரர் தியாமந்தகோஸ் காயத்தால் ஆடவில்லை. 13 கோல் அடித்து அந்தப் பருவத்தின் தங்கக் காலணியை வென்றவர் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. முதுகில் எதிராளியைச் சுமந்தபடி பந்தைக் காப்பாற்றி, பின்களத்துக்கு மூச்சுவிட நேரம் வாங்கித் தருபவர் அவர்தான். கோலைவிட அதுதான் அன்று குறைந்தது.

பாலக்காட்டுத் தமிழர்: காயங்கள் மட்டும் இல்லாதிருந்தால் கோப்பை நம்முடையதுதானே?

இல்லை. இதை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்: காயப் பட்டியலைக் காட்டி ஓட்டைகளை மூடாதீர்கள். சொதீரியோ பருவம் தொடங்கும் முன்பே காயத்தால் போனார், லூனா டிசம்பரில், பெப்ரா ஜனவரியில். உண்மைதான். டிசம்பர் முடிவில் 12 ஆட்டங்களில் 26 புள்ளிகளோடு பட்டியலின் தலையில் இருந்த அணி, மீதிப் பத்து ஆட்டங்களில் எடுத்தது ஏழே புள்ளிகள். இரண்டு வெற்றி, ஒரு சமன், ஏழு தோல்வி.

ஆனால் காயப்பட்ட இந்த மூவரும் யார்? கோல் அடிப்பவர்கள், கோலுக்கு வழி செய்பவர்கள். நாம் செத்தது எங்கே? கொச்சியில், நம் சொந்த மண்ணில், பஞ்சாபிடம் மூன்று, மோகன் பகானிடம் நான்கு, ஈஸ்ட் பெங்காலிடம் நான்கு என்று பதினொரு கோல் வாங்கினோம். மோகன் பகானுக்கு எதிராக மூன்று கோல் அடித்தும் தோற்றோம். தாக்குதல் ஆட்டக்காரர் இல்லாததால் இப்படி வாங்குவார்களா? கோல்கீப்பர் சச்சின் சுரேஷின் காயத்தை நீங்கள் சொல்லலாம். பஞ்சாபிடம் மூன்று வாங்கியபோது அவர் நலமாகத்தான் நின்றார்.

லூனா இருந்தபோது பந்து நம்மிடமே அதிக நேரம் இருந்தது. பின்களத்தின் பலவீனம் வெளியே தெரியவில்லை. அவர் போனதும் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான்.

திருநெல்வேலி வாசகர்: நடுவர்தான் காரணம் என்கிறேன்.

நான் அப்படிச் சொல்லவில்லை.

சேலம் வாசகர்: ஒடிசாவுடன் ஏன் கொச்சியில் ஆடவில்லை?

அந்தப் பருவத்தின் விதிப்படி, லீக் பட்டியலில் 3 முதல் 6 வரை இடம்பிடித்தவர்களுக்கு ஒற்றை ஆட்டம். பட்டியலில் மேலே இருப்பவருக்குச் சொந்த மைதானம். ஒடிசா நான்காவது, நாம் ஐந்தாவது.

பெங்களூரு வாசகர்: 2023-இல் ஆட்டத்தின் நடுவில் மைதானத்தை விட்டு ஓடினீர்களே, அதுதான் உங்கள் உண்மையான பலவீனம். சரிதானே?

வந்துவிட்டீர்களா! புதியவர்களுக்கு: 2023 மார்ச் 3, பெங்களூருவின் ஸ்ரீ கண்டீரவா மைதானம், பெங்களூரு எஃப்சிக்கு எதிரான பிளே ஆஃப் ஆட்டம். கூடுதல் நேரத்தின் 96-ஆவது நிமிடத்தில் பெங்களூருவின் சுனில் சேத்ரி, நம் ஆட்கள் வரிசையாக நின்று தடுக்கும் சுவர் அமையும் முன்பே ஃப்ரீ கிக்கை உதைத்துக் கோலாக்கினார். நடுவர் கோல் என்றார். வுகோமனோவிச் அணியை வெளியே அழைத்துக்கொண்டார். வெற்றி பெங்களூருக்குப் போயிற்று. அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடை.

வெளியேறியது தவறு. இன்னும் 24 நிமிடம் மீதமிருந்தது.

அதே வாசகர்: அப்படியானால் கோல் சரி என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

விதி உங்கள் பக்கம் சாய்கிறது. ஃப்ரீ கிக்கை விசிலுக்குக் காத்திராமல் உடனே எடுக்கலாம். எதிரணி 9.15 மீட்டர் விலகும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. விசிலும் சுவரும் வேண்டாமென்று நடுவரிடம் சொன்னதாக சேத்ரி பின்னர் சொன்னார்.

கண்ணூர் வாசகர்: ஐயா, நீங்கள் நம் ஆள்தானா? நடுவர் சுவரை ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிட்டார். தொடங்கிவிட்டால் விசில் கட்டாயம்!

தொடங்கினாரா என்பதுதான் சச்சரவே. நடுவர் தலையிட்டுத் தூரத்தை அளக்கத் தொடங்கினால் விசில் வேண்டும் என்பது சரி. கால்பந்து சம்மேளனம் நம் முறையீட்டைக் கேட்டு நிராகரித்தது. எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. சேத்ரி பந்தின் அருகே நிற்கிறார். இந்தியாவிலேயே அதிக சர்வதேச கோல் அடித்தவர். அவர் முன்னால் ஓர் ஆள் நிற்க வேண்டாமா? கோல்கீப்பர் சுவரைச் சரிசெய்யும்போது பந்தை யார் பார்ப்பது? நடுவரை விடுங்கள், இதற்குப் பதில் சொல்லுங்கள்.

கண்ணூர் வாசகர்: பந்துக்கு முன் நின்றால் மஞ்சள் அட்டை கொடுப்பார்களே!

கொடுக்கட்டும். கூடுதல் நேரத்தில் அரையிறுதி வாய்ப்புக்கு ஒரு மஞ்சள் அட்டை மலிவு.

சென்னை வாசகர்: எங்கள் சென்னையின் எஃப்சியிடம் 2015, 2018 என இரண்டு ஐஎஸ்எல் கோப்பைகள் உள்ளன. உங்களிடம்?

மூன்று இறுதி ஆட்டங்கள். மூன்றும் தோல்வி. கணக்கு எனக்கும் தெரியும், நன்றி.

திருவனந்தபுரம் வாசகர்: நடுக்கள ஆட்டக்காரர் சஹலை விற்றதுதான் எல்லாவற்றுக்கும் மூலம் அல்லவா?

பாதி உண்மை. 2023-இல் சஹல் மோகன் பகானுக்குப் போனார், பிரீதம் கோட்டால் நம்மிடம் வந்தார். பின்களத்தை வலுப்படுத்த எடுத்த முடிவு. ஆனாலும் மேலே சொன்ன பதினொரு கோல் நடந்தது. மைதானத்தில் வெளிநாட்டவர் நான்கு பேர்தான் இருக்க முடியும். மீதி ஏழு இடத்துக்குத் தரமான இந்தியர்களும், அவர்களுக்கு மாற்று ஆட்களும் வேண்டும். விபின் மோகனன், அய்மன், அசார் போன்ற நம் இளைஞர்கள் வளர்கிறார்கள். 80-ஆவது நிமிடத்தில் ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கத் தெரிந்த மூத்த நடுக்கள ஆட்டக்காரர்தான் இல்லை. அப்படி ஒருவரை வாங்குங்கள்.

மதுரை வாசகர்: சேத்ரி கோலுக்கு விசில் ஊதவில்லையே?

மேலே படியுங்கள்.

ஈரோடு வாசகர்: அடுத்த பயிற்சியாளர் யார்?

முதல் பத்தியைப் படியுங்கள்.

நாகர்கோவில் வாசகர், பள்ளி அணிப் பயிற்சியாளர்: முன்னிலையைக் காக்க என் பிள்ளைகளுக்கு எப்படிப் பயிற்சி தருவது?

இன்றைக்கு வந்ததில் நல்ல கேள்வி. பயிற்சியின் கடைசிக் கால் மணி நேரத்தை, பிள்ளைகள் களைத்த பிறகு, 1-0 என்று வைத்து ஆடவிடுங்கள். முன்னிலையில் இருக்கும் அணி தன் பெனால்டி பகுதிக்குள் நாலு பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதி போடுங்கள். பந்தை வெளியே உதைத்துத் தள்ளினால் எதிரணிக்கு ஒரு புள்ளி. எதிரணியின் மூலைக்கொடி அருகே பந்தைப் பத்து விநாடி வைத்திருந்தால் இவர்களுக்கு ஒரு புள்ளி. முதல் வாரம் அழுவார்கள். விடாதீர்கள். மாற்று ஆட்களையும் 70-ஆவது நிமிடத்திலேயே இறக்குங்கள். சமன் ஆன பிறகு இறக்கிப் பயனில்லை.