இளம் டெனர் பாடகர்கள் கனமான வேடங்களை ஏன் தள்ளிப்போடுகிறார்கள்?

டெனர் என்பது ஆப்பெரா என்ற மேற்கத்திய இசை நாடகத்தில் ஆண்களின் உச்சஸ்தாயிக் குரல். மைக் கிடையாது, முழு வாத்தியக் குழுவையும் தாண்டிக் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும். கனமான வேடம் என்றால் இன்னும் அதிக பலத்தோடு பாட வேண்டும். தொண்டையும் மூச்சும் அதற்குப் பக்குவப்பட வருடக்கணக்காகும். கன்றுக்குட்டியை யாராவது பார வண்டியில் பூட்டுவார்களா?

புகழ்பெற்ற இத்தாலிய டெனர் பவரொட்டியையே பாருங்கள். தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தி, இன்சூரன்ஸ் விற்று, 1961-இல் தன் 25 வயதில் 'லா போஎம்' ஆப்பெராவின் நாயகன் ரொடால்ஃபோவாக மேடையேறினார். 1963-இல் லண்டனில் மூத்த டெனர் டி ஸ்டெஃபனோ பாட முடியாமல் போக, அந்த இடம் இவருக்குக் கிடைத்தது. 1972-இல் நியூயார்க்கில் ஒரே பாட்டில் ஒன்பது முறை டெனர் குரலின் உச்சியில் இருக்கும் மேல் 'சி' ஸ்வரத்தைத் தொட்டார் (எனக்கு அதை நினைத்தாலே மூச்சு வாங்குகிறது). ஆனால் 'ஒதெல்லோ' ஆப்பெராவின் கனமான நாயக வேடத்தைப் பாடியது 1991-இல்தான். அதுவும் நாடகமாக அல்ல, கச்சேரியாக.

கனமான வேடத்தை ஒரு இளம் டெனர் மறுத்தால், 'குரல் போதவில்லை, அதனால்தான் மறுக்கிறார்' என்று பலர் நினைக்கிறார்கள். குரல் நீடிக்கவேண்டும் என்றுதான் மறுக்கிறார்.